மக்டலீன் டீசலை விட்ட கதை

குருநகர்க் கடற்கரையில் இருந்த அந்த ஐஸ் கொம்பனியில் மக்டலீனின் கை விழாத முதுகு குறைவு. களவாக மீன் கட்டியவன், ஐஸ் உடைக்கிற கோடரியை நடைபாதையில் போட்டுவிட்டுப் போனவன், வேலைக்கு வந்த பெண்ணின் இடுப்பில் தட்டிவிட்டுச் சிரித்தவன் எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள். அடித்துவிட்டு அவள் மறந்துவிடுவாள். அரைமணி நேரத்தில் அவனுக்கே தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். வாங்கியவர்கள்தான் மறப்பதில்லை.

இருபத்திரண்டு வயதில், குடித்துவிட்டு வந்து கழுத்தை நெரித்த புருஷனைத் துடுப்பால் அடித்துத் தோள்மூட்டை இறக்கியவள் அவள். அவன் மன்னார்ப் பக்கம் போனவன், திரும்பவில்லை. அவளும் தேடவில்லை. நண்டு உடைக்கிற கொம்பனியில் பன்னிரண்டு வருஷம் நின்று விரல் நுனியெல்லாம் வெட்டுக்காயமாக இருந்த காலத்தில், மானிப்பாயைச் சேர்ந்த சிவசுப்பிரமணியம் குருநகரில் ஐஸ் கொம்பனி திறந்தார். அவள் அங்கே மீன் நிறுக்கப் போனாள். நாற்பத்துநாலு வயதில் முழுக் கொம்பனிக்கும் பொறுப்பாக நின்றாள். கடற்கரை ஆட்களோடு கதைத்துப் பிழைக்க முதலாளிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது, கதையாலும் கையாலும்.

கொம்பனியில் ஒரு போர்க்லிஃப்ட் இருந்தது. மீன் பெட்டிகளை அடுக்கிய மரத்தட்டுகளை இரண்டு இரும்பு முள்ளில் ஏந்திக்கொண்டு ஓடுகிற வண்டி. எல்லோரும் அதை லிஃப்ட் என்றுதான் சொல்வார்கள். ஜப்பானில் பாடுபட்டுக் களைத்தபிறகு கொழும்பு வழியாக வந்து சேர்ந்த டீசல் வண்டி அது. பாசையூர் எமில்ராஜ்தான் ஓட்டுவான். அவனுக்கு அதில் பெரிய பிடிப்பு. "டீசல் எண்டால் டீசல்தான். உப்புக் காத்துக்கும் நிக்கும், மழைக்கும் நிக்கும்" என்பான். அதன் ஸ்ரார்ட் பற்றரி செத்துப்போய் மாதக்கணக்காகியும் அவன் முதலாளிக்குச் சொல்லவில்லை. காலையில் தள்ளி ஸ்ரார்ட் பண்ணினால் பின்னேரம்வரை எஞ்சினை நிறுத்தமாட்டான்.

2021ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், விடாத மழை. எமில்ராஜ் லிஃப்டைக் குளிர் அறைக்குள்ளேயே விட்டான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குளிர் வெளியே போகாமல் வாசலில் தொங்கும் பிளாஸ்ரிக் திரை இறுக மூடியிருந்தது. உள்ளே இளம்பெண் லவீனாவும் இன்னும் இரண்டு பெண்களும் இறால் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். தலை இடிக்கிறது என்று ஒருத்தி வெளியே வந்தாள். மற்றவள் வாந்தி எடுத்தாள். லவீனா வரவில்லை.

மக்டலீன் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். லவீனா ஐஸ் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் சரிந்து கிடந்தாள். முகம் பழுத்த மாதிரிச் சிவந்திருந்தது. அவளைக் காலில் பிடித்து, ஈர நிலத்தில் இழுத்து, மழைக்குள் கொண்டுவந்து போட்டாள். கன்னத்தில் மாறி மாறி அடித்தாள். ஐந்தாவது அடிக்கோ ஆறாவது அடிக்கோ லவீனா மூச்சை இழுத்து இருமினாள்.

பிறகு மக்டலீன் எழும்பி எமில்ராஜிடம் போனாள்.

"எஞ்சினை ஏன்ரா நிப்பாட்டேல்லை?"

"நிப்பாட்டினால் பேந்து ஸ்ரார்ட் வராது அக்கா..."

முதல் அடியில் அவன் தொப்பி பறந்தது. இரண்டாவது அடியில் உதடு வெடித்தது. அவன் பக்கத்தில் கிடந்த ஐஸ் கொழுக்கியைத் தூக்கிவிட்டான். கூரான இரும்பு. மழைக்குள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அடியடா" என்றாள் அவள். "அடிச்சுப்போட்டு, அவளின்ரை தாயிட்டைப் போய் நீயே சொல்லு, பிள்ளையைப் புகைக்குள்ளை அவிச்சுப்போட்டன் எண்டு."

அவன் கொழுக்கியைக் கீழே போட்டான்.

அடுத்தநாள் முதலாளி வந்தார். மெலிந்த, மெதுவாகக் கதைக்கிற மனிதர். அவளை எப்போதும் 'நீர்' என்றுதான் மரியாதையாகக் கதைப்பார்.

"வேறை லிஃப்ட் எடுப்பம். டீசலோ, காஸோ, பற்றரியோ, என்ன எடுக்கிறதெண்டு நீரே பார்த்துச் சொல்லும்" என்றார்.

மக்டலீன் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. சுன்னாகத்தில் ஒரு சீமெந்துக் களஞ்சியத்துக்கும், கிளிநொச்சியில் ஒரு அரிசி ஆலைக்கும் பஸ்ஸில் போய், அங்கே ஓடுகிற வண்டிகளைப் பார்த்தாள். சீமெந்துக்காரனுக்கு டீசல் சரி. அவனுக்கு நாலு பக்கமும் திறந்த கொட்டில், பாரமும் அதிகம். அரிசி ஆலையில் காஸ் சிலிண்டரைப் பின்னால் படுக்கவைத்த வண்டி ஓடியது. புகை குறைவுதான். ஆனால் அடைத்த அறைக்குள் அதுவும் ஆளைக் கொல்லும் என்று அதை ஓட்டியவனே சொன்னான். பற்றரி வண்டிக்குப் புகையே இல்லை. ஆனால் குளிருக்குள் விட்டால் பற்றரி கெதியாக இறங்கும், இரண்டு வேளையும் சார்ஜ் போடவேண்டும்.

அவள் பற்றரி என்றுதான் முடிவு செய்தாள். முடிவு செய்ததோடு சரி. டொலர் இல்லை, இறக்குமதி இல்லை என்று கொழும்பு வியாபாரி கையை விரித்தான். காஸ் வண்டி ஒன்று கைவசம் இருக்கிறது என்றான். அந்தக் கிழமைதான் நாடு முழுக்க அடுப்புச் சிலிண்டர்கள் வெடித்த செய்தி. சிலிண்டர் வந்தால் நாங்கள் வேலைக்கு வரமாட்டோம் என்று பெண்கள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆக, பழைய டீசல் வண்டிக்கே புது ஸ்ரார்ட் பற்றரி போட்டார்கள். அது முற்றத்தோடு நிற்கவேண்டும், உள்ளே எல்லாம் கைவண்டிதான் என்று மக்டலீன் வாசலில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். கோட்டைத் தாண்டினால் கையை முறிப்பேன் என்று எமில்ராஜிடம் சொன்னாள். அவன் தாண்டவில்லை.

அடுத்த வருஷம் ஆனி, ஆடி மாதங்களில் டீசல் என்பது இரத்தத்தைப்போல ஆகிவிட்டது. பெற்றோல் செட்டுகளுக்கு முன்னால் கிலோமீற்றர் கணக்கில் வரிசை. இரண்டாம் நாள் வரிசையில் நின்ற எமில்ராஜின் தலையில் ஒருவன் சோடாப் போத்தலால் அடித்தான். இடையில் புகுந்தான் என்ற குற்றச்சாட்டு. ஏழு தையலோடு, வெறும் பிளாஸ்ரிக் கானோடு திரும்பி வந்தான். குருநகர்க் கரையில் பெரிய எஞ்சின் படகுகள் எல்லாம் கட்டியபடியே கிடந்தன. மீன் இல்லை, வேலை இல்லை, வீடுகளில் ஒருநேரச் சோறு. ஆண்கள் கரையில் குந்தியிருந்து கடலைப் பார்த்தார்கள். பிறகு ஐஸ் கொம்பனியைப் பார்த்தார்கள்.

ஏனென்றால் அங்கே மூன்று பரல், மூன்று இரும்புப் பீப்பாய் நிறைய, டீசல் இருந்தது. மின்சாரம் நிற்கும் நேரத்தில் ஜெனரேற்றர் ஓட்டுவதற்கென்று அனுமதிச் சீட்டோடு வந்த டீசல். லிஃப்டும் அதில்தான் குடித்தது.

அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். முன்னுக்கு வந்தவன் வின்சன்ற், மக்டலீனின் தமக்கை பெர்னடெட்டின் புருஷன். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில் கிளாலிக் கடலைத் தாண்ட, மக்டலீனைத் தன் வள்ளத்தில் ஏற்றியவன். அன்று வள்ளத்தில் இருந்த எட்டுப் பேரில் மூன்று பேருக்குத் துவக்குச் சூடு பட்டது. அவன் துடுப்பை விடவில்லை. அவளுக்கு அவன் அத்தான்; அண்ணனுக்குச் சமம்.

அவன் கேற்றுக்கு வெளியே நின்று கேட்டான். "மக்டலீன், ஒரு பரல் தா. ஒரே ஒரு பரல். பதினொரு நாளாப் படகு கரையிலை கிடக்குது."

"தந்தால் ஐஸ் உருகும் அத்தான். உள்ளுக்கை நாலாயிரம் கிலோ மீன் கிடக்கு."

"ஆரின்ரை மீன்? மானிப்பாயானின்ரை மீன். என்ரை பிள்ளையள் நேற்று மரவள்ளிக்கிழங்கு திண்டதுகள். இண்டைக்கு அதுவும் இல்லை."

"எனக்கு விளங்குது."

"விளங்கினால் திற."

"திறக்கமாட்டன்."

அவளுக்கு அப்போது ஒரு வழி இருந்தது என்று பிற்காலத்தில் பலர் சொன்னார்கள். ஒரு பரலைக் கொடுத்திருக்கலாம்; முதலாளியிடம் ஏதும் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளுக்கும் அது தெரியும். ஆனால் கேற்றுக்கு வெளியே நின்றவர்களின் கைகளில் இரும்புக் குழாய்கள் இருந்தன. அவற்றைக் கண்டதும் அவளுக்குள் இருந்த பழைய சூடு தலைக்கு ஏறிவிட்டது. கேட்டவனுக்குக் கொடுத்துப் பழகியவள். மிரட்டினவனுக்கு அவள் ஒருநாளும் கொடுத்ததில்லை.

முதல் கல் காவற்காரனின் நெற்றியில் பட்டது. இரண்டாவது கல் அலுவலகக் கண்ணாடியை உடைத்தது. பிறகு கேற்று அசைந்தது, சரிந்தது, ஒரே முழக்கமாய் விழுந்தது. பெண்கள் கத்திக்கொண்டு குளிர் அறைக்குள் ஓடினார்கள். மக்டலீன் முதலில் வந்தவனை ஐஸ் பலகையால் முகத்தில் அடித்தாள். அவன் பல்லைத் துப்பினான். யாரோ அவளது தலைமயிரைப் பிடித்து இழுத்து நிலத்தில் போட்டார்கள். விலாவில் ஒரு உதை விழுந்தது. மண்ணும் மீன்செதிலும் வாய்க்குள் போயின.

எமில்ராஜ் பரல்களுக்கு முன்னால் போய் நின்றான். ஏன் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. அந்தக் கொம்பனி அவனுக்கு அப்பன் வீட்டுச் சொத்தல்ல. வலது கையைப் பரலின் விளிம்பில் ஊன்றியபடி, "வேண்டாம் வின்சன்ற் அண்ணை, வேண்டாம்" என்றான். வின்சன்ற் குழாயை ஓங்கி அந்தக் கையில் இறக்கினான். ஒருமுறை அல்ல, மூன்றுமுறை. பரல் கோயில் மணிபோல் ஒலித்தது. எமில்ராஜ் கத்தவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே முழங்காலில் சரிந்தான்.

எமில்ராஜ் பாதி வேலையில் இறங்கி ஓடிவந்த லிஃப்ட், முற்றத்தில் எஞ்சின் ஓடியபடி நின்றது. மக்டலீன் எழும்பி அதில் ஏறினாள். எமில்ராஜ் சாப்பிடப் போகிற நேரங்களில் அவள் ஓட்டிப் பழகியிருந்தாள். இரும்பு முள்ளை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினாள். எஞ்சின் கறுத்த புகையைக் கக்கியது. ஆட்கள் இரண்டு பக்கமும் பாய்ந்து விலகினார்கள். வின்சன்ற் விலகவில்லை. பரலுக்குப் பக்கத்தில் சுவரடியில் நின்று, குழாயைத் தூக்கிக்கொண்டு, "இடியடி பார்ப்பம்! இடி!" என்று கத்தினான்.

பத்து யார் தூரம். அவனது முகத்தை அவள் தெளிவாகக் கண்டாள். கண்கள் குழிவிழுந்திருந்தன. சேட்டின் பொத்தான் ஒன்று இல்லை. பிரேக் அவளது காலுக்கு அருகில்தான் இருந்தது.

அவள் மிதிக்கவில்லை.

இடது முள் அவனது வலது காலை முழங்காலுக்குக் கீழே பிடித்து, பின்னால் இருந்த சீமெந்துச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. காய்ந்த தென்னம்மட்டை முறிகிற சத்தம். அதன்பிறகு முற்றத்தில் எஞ்சினின் சத்தம் மட்டும்.

அவள் வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். அவன் சுவரோடு வழுகி விழுந்தான். கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. இரத்தம் மீன்கழுவும் வாய்க்காலுக்குள் ஓடியது. நாற்பது பேரும் அப்படியே நின்றார்கள். ஒருவன் ஓட்டோ ஓட்டோ என்று கத்தினான். எந்த ஓட்டோ? குருநகரின் ஓட்டோ எல்லாம் பெற்றோல் வரிசையில் நின்றது. மோட்டார் சைக்கிள்கள் வீட்டுச் சுவரில் சாத்தியிருந்தன. அந்தக் கரையிலே எரிபொருளோடு உயிரோடு நின்ற வண்டி ஒன்றே ஒன்றுதான்.

"தூக்குங்கோ" என்றாள் மக்டலீன். ஒருவரும் அசையவில்லை. "தூக்குங்கோடா! செத்துப்போகப் போறான்!"

மீன் பெட்டி அடுக்கும் மரத்தட்டில் சாக்கை விரித்து வின்சன்றைக் கிடத்தினார்கள். லவீனா குளிர் அறையிலிருந்து வந்து, தன் தாவணியால் தொடையை இறுகக் கட்டினாள். கட்டைப் பிடிக்க ஆள் வேண்டும். எமில்ராஜ் தட்டில் ஏறி உட்கார்ந்தான். நசிந்த வலது கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, இடது கையால் தன் கையை நொறுக்கியவனின் தொடையை அழுத்திப் பிடித்தான்.

அப்படித்தான் அவர்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். லிஃப்டின் சில்லு திண்ணிய றப்பர், காற்று இல்லை. றோட்டுக் குழி ஒவ்வொன்றுக்கும் வின்சன்ற் கத்தினான். அவளைத் தூஷணத்தால் பேசினான், பிறகு மாதாவைக் கூப்பிட்டான், பிறகு எமில்ராஜைக் கூப்பிட்டான். வேகமாக விட்டால் ஆள் தட்டிலிருந்து உருண்டுவிடுவான். மெதுவாக விட்டால் இரத்தம் போய்விடும். படகுக்காரர் வண்டியின் இரண்டு பக்கமும் தட்டைப் பிடித்தபடி ஓடிவந்தார்கள். பல் போனவனும் ஓடிவந்தான். பேராலயத்தைத் தாண்டி, வரிசையில் நின்ற வாகனங்களைத் தாண்டிப் போகும்போது, ஜனங்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். அந்த இரண்டு கிலோமீற்றரும் மக்டலீனின் கால் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டது. முற்றத்தில் மிதிக்காமல் விட்ட அதே கால்தான்.

கால் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். உயிர் நின்றது.

பெர்னடெட் ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தாள். வாசலில் தங்கையைக் கண்டதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மயிரைப் பிடித்துத் தலையைத் தூணோடு மோதினாள். மூன்றாவது மோதலில் மக்டலீனின் புருவம் பிளந்தது. ஆட்கள் வந்து பிரிக்கும்வரை மக்டலீன் கையைத் தொங்கப்போட்டபடி நின்றாள்.

"வேணுமெண்டு செய்தனியாடி?" என்று பெர்னடெட் அப்போதுதான் கேட்டாள்.

"ஓம் அக்கா."

பொலிஸிலும் அதையே சொன்னாள். முதலாளி பிடித்துத் தந்த சட்டத்தரணி தலையில் கைவைத்தார். பழைய வண்டி, பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். பிரேக் நன்றாகப் பிடிக்கும், போன மாதம்தான் மாற்றியது என்றாள் அவள். பெண்கள் மறியலில், கம்பிக்குப் பின்னால், இருபத்தாறு நாள் இருந்தாள். அங்கேயும் ஒருத்தி அவளது சாப்பாட்டைப் பறிக்க வந்து மூக்குடைந்து போனாள். இரவில் அவளுக்கு நித்திரை வரவில்லை. அந்த முறிகிற சத்தம் காதுக்குள் இருந்தது. ஆத்திரத்தில் கை ஓங்குவது ஒன்று, பத்து யார் தூரமும் யோசிக்க நேரம் இருந்தும் மிதிக்காமல் விடுவது வேறொன்று. முந்தியதை அவள் நாற்பது வருஷமாய்ச் செய்திருக்கிறாள். பிந்தியது தனக்குள் இருந்தது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வழக்கில் வின்சன்ற் இரண்டு தடி ஊன்றி வந்து சாட்சி சொன்னான். "அவள் நிப்பாட்டேல்லை. நானும் விலத்தேல்லை. எமில்ராஜின்ரை கையை உடைச்சது நான். அதையும் எழுதுங்கோ." இரண்டு பேருக்கும் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது.

2023இல் இறக்குமதி திறந்தபோது, சிவசுப்பிரமணியம் பழைய கேள்வியோடு வந்தார். அவர் அவளை வேலையால் நிறுத்தவில்லை. ஏன் என்று அவள் கேட்கவுமில்லை.

"இப்ப டீசல் தாராளமாக் கிடைக்குது. எமில்ராஜும் டீசல்தான் வேணுமெண்டு நிக்கிறான். நல்ல டீசல் வண்டி ஒண்டு வந்திருக்காம்."

"டீசல் வேண்டாம் ஐயா."

"புகைக்காகவோ?"

"புகையும்தான். டீசல் பரலிலை நிண்டால் ஆக்கள் கேற்றடிக்கு வருவினம். இண்டைக்கு இல்லாட்டி இன்னொரு நாளைக்கு வருவினம். நான் பேந்தும் வண்டியிலை ஏறுவன். எனக்கு என்னைத் தெரியும்."

"ஜெனரேற்றருக்கு எப்பிடியும் டீசல் வேணுமே?"

"வேணும். கூரையிலை சூரியத் தகடு போட்டால் அதுகும் குறையும். முழுக்க இல்லாமல் போகாது. ஒரு பரலோடை நிக்கும்."

பற்றரி வண்டி அடுத்த வருஷம் தைமாதம் வந்தது. அது வந்த முதல் நாளே இன்னொரு வில்லங்கம் தெரிந்தது. அதற்குச் சத்தமே இல்லை. குனிந்து நின்ற ஒரு பெண்ணின் பின்னால் அது வந்து நின்றபோது, அவள் திரும்பிப் பார்த்து அலறிய அலறலில் மக்டலீன் கையில் இருந்த கோப்பையைப் போட்டுவிட்டாள். அன்றே பின்னுக்கு எடுக்கும்போது கூவுகிற மணி ஒன்றைப் பூட்டச் செய்தாள். பற்றரியைக் குளிர் அறைக்குள் சார்ஜ் போடாமல், காற்றோட்டமான கொட்டிலில் போடவைத்தாள். எமில்ராஜின் வலது கையில் இரண்டு விரல் மடியாது. நெம்புகோல்களை இடது கையால் இழுக்கப் பழகினான். "உதுக்கு உயிரே இல்லை அக்கா" என்று ஒவ்வொரு நாளும் முறைப்பட்டுக்கொண்டே ஓட்டினான்.

மாசி மாதக் கடைசியில் வின்சன்ற் கொம்பனிக்கு வந்தான். ஒரு தடியோடு, பொய்க்காலோடு. கேற்றடியில் இருந்து முற்றம் முழுக்க வேலை நின்றது. மக்டலீன் அலுவலகத்தைவிட்டு இறங்கி அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அத்தான்" என்றாள்.

அவன் தடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றி அவளது தோளில் இறக்கினான். காறை எலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது. அந்த வீச்சில் பொய்க்கால் வழுக்கி அவனும் விழுந்தான். அவள் விழவில்லை. வலது கை பயனில்லாமல் தொங்க, இடது கையை நீட்டினாள். அவன் அதைப் பிடிக்காமல், நிலத்தில் கையை ஊன்றி, நேரமெடுத்துத் தானாகவே எழும்பினான்.

முகத்தில் வேர்வை வழிய, மூச்சு வாங்க நின்றான். தடியைத் தேடினான். எமில்ராஜ் எடுத்துக் கொடுத்தான்.

"படகு நாளைக்கு இறங்குது" என்றான் வின்சன்ற். அவளைப் பார்க்காமல்தான் சொன்னான். "எட்டு ஐஸ் வேணும்."

மக்டலீன் பல்லைக் கடித்துக்கொண்டு, தொங்கிய கையை மற்றக் கையால் தாங்கியபடி, எமில்ராஜிடம் திரும்பினாள். "எட்டு ஐஸ். நல்ல கட்டியாப் பார்த்து ஏத்து" என்றாள்.